நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தவன்

டிசம்பர் 1, திங்கள்

மழை. விடிவதற்கு முன்பே பிடித்துவிட்டது. முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், மேலே கறுப்பாக ஒரு படலம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை உண்டு, கலெக்டர் அறிவிப்பார். துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு யார் அறிவிப்பது.

இன்று:
– முந்திரிக்கொட்டை கன்டெய்னர், எடை திருத்தம். முடிந்தது.
– குடைக்குக் கம்பி. இல்லை.
– மெடிக்கல் ஷாப், அம்மாவுக்காக. வாங்கினேன்.

அம்மாவுக்காக என்பது பொய். அண்ணனுக்கு. அவனுக்கே தெரியாத மாத்திரை. இதை எங்கும் எழுதியதில்லை, இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

உடன்குடியில் இருந்தபோது சுயம்பு அண்ணனின் காதுக்குள் ஆட்கள் பேசினார்கள். ஒருமுறை அவர்கள் கூப்பிட்டார்கள் என்று தேரிக்காட்டுக்குள் நடந்து போய்விட்டான். செம்மணலில் உதடு வெடித்துக் கிடந்தவனைப் பனையேறிகள் தூக்கி வந்தார்கள். பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதினார். அண்ணன் துப்பினான். அம்மா பொடித்துக் கருப்பட்டிக் காபியில் கலந்தாள். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். கருப்பட்டி எந்தக் கசப்பையும் அமுக்கிவிடும். அதே மாதம்தான் இங்கே வீடு மாறினோம், அப்பா மளிகைக் கடை போட்டார். காதுக்குள் பேச்சு நின்றது. வீடு மாறியதால் சரியாகிவிட்டது என்று அண்ணன் இன்றுவரை நம்புகிறான். பாளை டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை. மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி சீட்டு கேட்பதில்லை.

சாயங்காலம் கடையில் அண்ணன் இருமிக்கொண்டே கருப்பட்டி நிறுத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"ஏளா மாலா, நெஞ்சு மேல ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான். எறங்குலேன்னா எறங்க மாட்டேங்கான்."

அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். கரண்டி நின்றது. "ஆரம்பிச்சுட்டான்," என்றாள், சத்தமில்லாமல்.

ராத்திரி டம்ளரில் அரை மாத்திரை கூடுதல். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.


டிசம்பர் 2, செவ்வாய்

மழை விட்டு விட்டு. துணி எதுவும் காயவில்லை, ஈரச் சுடிதார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கடைக்கு வரவில்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, "மழைக்குப் படுத்துக் கெடக்கான், கெடக்கட்டும்." அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, கெடக்கட்டும்.

மத்தியானம் அம்மா போன். "இன்னும் அந்த ஆளு எறங்கலையாம். ராத்திரியும் அரை சேத்துப் போட்டுருதேன்."

போடு என்றேன். எதிரில் மேனேஜர். "மாலதி, பெர்சனல் கால் கொஞ்சம் சுருக்கமா." இதைவிடச் சுருக்கமாக எப்படிப் பேசுவது.

ஒன்று கவனித்தேன். அண்ணன் இன்று பீடி கேட்கவில்லை. கட்டில் அடியில் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. பீடி கேட்காத அண்ணனை நான் பார்த்ததே இல்லை. கவனித்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.


டிசம்பர் 3, புதன்

காலையில் உதடு நீலம்.

அனலாய்க் கொதித்தான். நெஞ்சு நாய்க்கு இரைப்பது போல. அம்மா கையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். "குடிச்சிட்டுப் போவட்டும்ளா, ஒரு வாயாச்சும்." டம்ளரைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டினேன். ஆட்டோக்காரர் கேட்டது, "என்னம்மா, அட்டாக்கா?"

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எல்லாம் ஒன்றுதான்.

விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார்கள். மாட்டிய பையன் எண்ணைப் பார்த்துவிட்டு யாரையோ கூப்பிட ஓடினான். ஆஸ்பத்திரியில் யாராவது ஓடினால் பயம் வரும் என்று இன்று தெரிந்தது. ஆக்சிஜன். எக்ஸ்ரே. ரெண்டு பக்கமும் வெள்ளை. நிமோனியா.

அட்மிஷனில் கேட்டார்கள், "சுகர், பிரஷர், வலிப்பு, மனநோய், வேற ஏதாச்சும்?"

அம்மா: "ஒண்ணும் கெடையாது. கல்லு மாதிரி இருந்த புள்ள."

"மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா?"

"கெடையவே கெடையாது. அவனுக்கு மாத்திரைன்னாலே ஆவாது."

கடைசி வரி உண்மை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் ஸ்ட்ரெச்சரில் கண் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் எப்படிச் சொல்வது. அவன் இல்லாத இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அவன் இல்லாத இடம் நிறைய இருந்தது.

நெஞ்சு மேல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தது உண்மை. அவன் சரியாகத்தான் சொன்னான். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.


டிசம்பர் 4, வியாழன்

மேகம். மழை இல்லை.

வார்டில் ஆறு கட்டில். அண்ணனுக்கு ஜன்னல் பக்கம். மாஸ்க். தூங்கிக்கொண்டே இருக்கிறான். உலுக்கினால் கண்ணைத் திறக்கிறான், மூடுகிறான். வாயோரம் எச்சில்.

டூட்டி டாக்டர் ஒரு பெண். நாசரேத் பக்கம், என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். "காய்ச்சல் இறங்குது. ஆனா இவ்ளோ தூக்கம் ஏன்னு தெரியல. தலை ஸ்கேன் எழுதியிருக்கேன்."

அம்மா பக்கத்தில் பிளாஸ்க். நீல மூடி. சுடுதண்ணீர் என்று நினைத்தேன். அறை முழுக்கக் கருப்பட்டி வாசம் அடிக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

மாஸ்க்கைத் தூக்கி, ஸ்பூனால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் தூக்கத்திலேயே விழுங்கி, புரையேறி இருமினான். எதிர்க்கட்டில்காரரின் மனைவி, "அம்மையின்னா அம்மதான்," என்றாள்.

கையைப் பிடித்தேன். "விடுளா," என்றாள். நர்ஸ் வந்தார். விட்டுவிட்டேன்.


டிசம்பர் 5, வெள்ளி

லீவு கேட்டேன். மேனேஜர் உடனே கொடுத்தார். "நிமோனியாவா? ஐயோ பாவம். பாத்துக்கோங்க." ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிமோனியாவுக்கு ஆப்பிள் உண்டு. மற்றதற்கு எதுவும் கிடையாது, தெருவில் நம்மைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. புது எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளை கூடியிருக்கிறது. டாக்டர், "மருந்து வேலை செய்யுது, ஆனா புதுசா ஏதோ உள்ள போற மாதிரி இருக்கு. இப்படியே தூங்கிட்டிருந்தா மூச்சுக்குக் குழாய் போட வேண்டி வரும். வென்டிலேட்டர்."

அம்மாவைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இனி ஊத்தாத."

"ரெண்டு வேளை விட்டா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா? தேரியில கெடந்தான, மறந்துட்டியா?"

"இப்ப மூச்சே போவப் போவுது."

"மூச்சு வரும்ளா, டாக்டருமாரு பாப்பாவ. புத்தி போனா ஆரு பாப்பா? நானும் போன பெறவு ஆரு பாப்பா? நீயா? நீ இன்னைக்கோ நாளைக்கோ ஒருத்தன் கூடப் போறவ."

படியில் கூட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிப் பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா குரலைத் தாழ்த்தினாள். அந்த நிலைமையிலும் குரலைத் தாழ்த்தினாள்.

ஒன்று எழுதியாக வேண்டும். இங்கே வந்ததிலிருந்து அம்மா எந்தக் கல்யாணத்துக்கும் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அவளுடைய அக்கா செத்ததற்குக்கூட மத்தியானம் போய் இருட்டுமுன் திரும்பி வந்தாள். டம்ளருக்காக. யாரும் அவளுக்கு மாற்று ஆள் போடவில்லை. நானும்தான். அவளைத் திட்டுவது சுலபம்.


டிசம்பர் 6, சனி

சொல்லிவிட்டேன்.

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரைப் பெயர், அளவு, கூட்டிய அரை, பிளாஸ்க். கை கழுவுவதை நிறுத்தவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"பீடி உண்டா?"

"கட்டுக் கட்டா. இப்ப நாலஞ்சு நாளா இல்ல."

கண்ணை மூடித் திறந்தார். "பீடி நிறுத்தினா இந்த மாத்திரை உடம்புல கூடுதலா நிக்கும். காய்ச்சல் வந்தா இன்னும் ஏறும். அதுக்கு மேல நீங்க அரை வேற. தூங்காம என்ன செய்வார்? விழுங்குறதும் மந்தமாயிரும். நீங்க ஊத்துற காபி பாதி நெஞ்சுக்குள்ளதான் இறங்குது."

பிறகு கோபம். "முதல் நாளே ஏன் சொல்லல?"

எனக்கும் கோபம் வந்தது. "சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? நெஞ்சுல ஆளு உக்காந்திருக்கான்னு ஒரு மனநோயாளி வந்து சொன்னா, எக்ஸ்ரே எடுத்திருப்பீங்களா?"

உடனே எடுத்திருப்பேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தெரியல," என்றார். "ராத்திரி டூட்டில, கூட்டத்துல... தெரியல."

அவரை வெறுக்க முடியாமல் போய்விட்டது. இந்த வாரத்தில் யாராவது ஒருவரை முழுதாக வெறுக்க முடிந்தால் கொஞ்சம் இளைப்பாறலாம்.

கேட்டேன், இப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்சுச் சளி வந்தால் மற்றவர்களைவிட மோசமாகப் போகுமா என்று. ஆமாம் என்றார். நுரையீரலில் குறை என்பதால் மட்டும் இல்லையாம். அவர் சொன்னதும் நான் பார்த்ததும் சேர்த்து:

– லேட்டாக வருகிறார்கள். வருகிறார்கள் இல்லை, கொண்டுவருகிறோம்.
– சொன்னால் நம்புவதில்லை.
– பீடி. வேறு எதுவும் கொடுக்காத உலகம் அதைக் கொடுத்தது.
– மாத்திரையில் தூக்கம், எச்சில், புரை. ஆனால் மாத்திரை இல்லாமலும் ஆகாது.
– சுகர், எடை. அதையும் யாரும் பார்ப்பதில்லை.
– கொரோனா தடுப்பூசி போட்ட வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்றோம். அண்ணனை அழைத்துப் போகவில்லை. ஊசியைக் கண்டால் கலாட்டா பண்ணுவான் என்று. கேட்கக்கூட இல்லை.

மாத்திரையை நிறுத்திவைத்து, இரண்டு நாள் கழித்துக் குறைந்த அளவில் தாங்களே கொடுப்பார்களாம். பாளை டாக்டரிடம் போனில் பேசிவிட்டார். பிளாஸ்க்கை நர்ஸ் வாங்கி அலமாரியில் வைத்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை.


டிசம்பர் 7, ஞாயிறு

வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு.

அண்ணன் விழித்துக்கொண்டான். "பசிக்கி," என்றான். எத்தனை அழகான சொல்.

ஆனால் வார்டு மாறிவிட்டது. கேஸ் சீட்டில் டாக்டர் எழுதியது ஒரு வரிதான், எல்லோரும் படித்துவிட்டார்கள். வாசலில் இரண்டு அட்டெண்டர்கள், நான் பின்னால் வருவது தெரியாமல்:

"ஏலே, ஜன்னல் கட்டில் மெண்டல் கேஸாம்ல."

"அதான் பாத்தேன், முழியே சரியில்ல."

மூன்று நாளாகக் கண்ணை மூடிக் கிடந்தவனின் முழி.

எதிர்க்கட்டில் மனைவி, அம்மையின்னா அம்மதான் என்று சொன்ன அதே பெண், கட்டில் மாற்றிக் கேட்டிருக்கிறாள். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அண்ணனின் இரண்டு கையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தது. மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவானாம். நேற்று எதிர்க்கட்டில்காரர் மூன்று தடவை பிடுங்கினார். அவர் கையை யாரும் கட்டவில்லை. "பெரியப்பா, எடுக்கக் கூடாது பெரியப்பா," என்று கொஞ்சினார்கள்.

"என்னத்துக்குளா கெட்டிருக்காவ? நான் என்ன செஞ்சேன்?"

"மாஸ்க்க எடுத்துருவேன்னு."

"எடுக்கலையே."

எடுக்கவில்லைதான். அம்மா மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "இதுக்குத்தாம்ளா நான் சொல்லாம இருந்தேன்."

அவள் சொன்னதும் சரி. சொல்லாமல் விட்டாலும் சாவு. சொன்னால் இது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு குடும்பத்திடம் விடுகிற ஊர் என்ன ஊர்.

டாக்டருக்கு ஞாயிறு ஓய்வு. கட்டை நானே அவிழ்த்தேன். நர்ஸ் கத்தினார். நானும் கத்தினேன். கட்டவில்லை.


டிசம்பர் 8, திங்கள்

ஆபீஸ் அரை நாள். உப்புக் கப்பல் தாமதம், எல்லோரும் என் மேல் எரிந்து விழுந்தார்கள்.

நான் இல்லாதபோது நடந்தது. அம்மா சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னது வார்டில் இருந்த சின்ன நர்ஸ் பெண்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். விடிய விடிய டூட்டி பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று பகலிலும் நிற்கிறாள். குறைந்த அளவு மாத்திரையை முதல் தடவையாகக் கொடுக்கப் போயிருக்கிறாள். அண்ணன் என்ன மாத்திரை என்று கேட்டிருக்கிறான். இவள் சிரித்துக்கொண்டு, நல்ல மனதோடுதான், "வீட்டுல காபில போட்டா மடமடன்னு குடிப்பீங்களாமே அண்ணே. இங்க காபி இல்ல, தண்ணிதான்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தானாம். ரொம்ப நேரம். அம்மா சேலை நுனியைச் சரிசெய்தாளாம்.

பிறகு வாயை மூடிக்கொண்டான். அந்த மாத்திரைக்கு மட்டும் இல்லை. கஞ்சி, தண்ணீர், சளி மருந்து, எதற்கும் திறக்கவில்லை. கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைத் தானே கழற்றினான். மாஸ்க்கையும். இப்போது எடுத்தான், எல்லோரும் முதலிலிருந்து சொன்ன மாதிரியே.

நான் போனபோது எண் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்து மானிட்டர் பெட்டி கூவிக்கொண்டிருந்தது.


டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டர் காலையிலேயே வந்தார். "மத்தியானம் வரைக்கும் பாப்பேன். மாஸ்க் போடலன்னா மயக்கம் கொடுத்துக் குழாய்தான். இந்த நெஞ்சோட குழாய் போட்டா எப்ப எடுப்போம்னு சொல்ல முடியாது." எடுப்போமா என்பதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். வாங்க என்றேன். "கடையப் பூட்டுனா நாலு பேரு கேப்பான்," என்றார். நாலு பேருக்காகக் கடை திறந்திருக்கிறது.

அம்மாவை வெளியே அனுப்பினேன். போனாள்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. நல்லதாக நாலு வார்த்தை யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவன்தான் ஆரம்பித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இரைப்பு.

"எத்தன வருஷம்?"

"இங்க வந்ததுல இருந்து."

"அப்பாக்கு?"

"தெரியும்."

"நீ?"

"நானும் கலக்கிக் குடுத்திருக்கேன். அம்மைக்கு முடியாதப்ப."

பிறகு என் பக்கம் திரும்பினான். உதடு மறுபடியும் அந்த நிறம்.

"அப்போ கடையில உக்காந்து யாவாரம் பாத்தது ஆரு? நானா, மாத்திரையா?"

நீதான் அண்ணே என்று சொல்ல வேண்டிய இடம் அது. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒன்பது வருஷம் பொய் சொல்லியாகிவிட்டது, இன்னொன்றுக்கு வாயில் இடமில்லை.

"தெரியலண்ணே," என்றேன்.

"தெரியலைன்னாச்சும் ஒருத்தி சொல்லுதாளே."

சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை. இருமல் நிற்க நேரம் ஆனது. நின்றதும் கையை நீட்டி மாஸ்க்கைக் காட்டினான். எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், உள்ளே விரலை விட்டுத் தடவினான், முகர்ந்தான்.

"இதுல என்ன?"

"காத்து. ஆக்சிஜன்."

"இனிமே எனக்குக் குடுக்கது எல்லாம் என் கண்ணு முன்னால பிரிக்கணும். பேரச் சொல்லணும். தண்ணியா இருந்தாலும்."

"சரி."

"அம்ம கையால ஒண்ணும் வேண்டாம்."

"சரி."

தானே மாட்டிக்கொண்டான்.

டாக்டரிடம் சொன்னேன். நர்ஸ்களைக் கூப்பிட்டு, பிரித்து, பெயர் சொல்லிக் கொடுங்கள் என்றார். ஒரு சீனியர் நர்ஸ், "இவருக்கு மட்டும் என்ன ராஜ மரியாதை?" டாக்டர், "எல்லாருக்குமே அப்படித்தான் கொடுக்கணும் சிஸ்டர்." அவர் குரலில் சண்டை இல்லை. களைப்புதான்.

மத்தியானம் தாண்டியது. குழாய் போடவில்லை.


டிசம்பர் 10, புதன்

தூறல். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது, அதைக்கூட எழுதி வைக்கிறேன்.

எண் ஏறுகிறது. மாஸ்க்குக்குப் பதில் மூக்கில் சின்னக் குழாய். இட்லி இரண்டு. சளி மருந்து எடுத்துக்கொள்கிறான். மனசு மாத்திரையை மட்டும் இல்லை. டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை. நாற்காலி போட்டு அவனிடம் நேராகப் பேசினார். என்ன வியாதி, மாத்திரை என்ன செய்யும், என்ன கெடுதல், பீடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு. பேசியது அவனிடம், அம்மாவிடமோ என்னிடமோ இல்லை. அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றான்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில், தரையில். ஆஸ்பத்திரிக் கஞ்சியைக்கூட நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். அவள் கைக்கு வேலை இல்லை. மடியில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். ராத்திரி தூங்கவில்லையாம். மறுபடி காதுக்குள் பேச்சோ என்று அவன் கண்ணைப் பார்த்தேன். அது இல்லை.

உப்பு லாரி ஓட்டுகிற சேவியர் அண்ணாச்சி. எங்கள் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர், எனக்கும் முகம் தெரியும். அவர் மகளுக்கும் இதே போல ஆட்கள் பேசுவார்களாம். காலேஜை நிறுத்திவிட்டார்களாம். அவர் கடையில் நின்று அழுதிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

"நாந்தான் சொன்னேன். மாத்திரை எல்லாம் ஏமாத்து வேல அண்ணாச்சி, நான் ஒண்ணுகூடத் திங்கல, என்னையப் பாருங்க, வீட்ட மாத்துங்க, சரியாயிரும்னு. ஒரு தடவ இல்ல ஏளா. வாரப்பவெல்லாம் சொன்னேன். அவரு வேம்பாருக்கே வீட்ட மாத்திட்டாரு."

மூச்சு வாங்கினான்.

"அந்தப் புள்ள மாத்திரைய நிறுத்தியிருந்தா? என்னையப் பாத்து நிறுத்தியிருந்தா?"

அவன் தலையணையை நிமிர்த்திவைத்தேன்.

"நம்பரு அப்பாகிட்ட இருக்கும். வாங்கு."

தரையிலிருந்து அம்மா: "சும்மா கெட. ஊருக்கெல்லாம் சொல்லணுமா? அவ்வொ பாட்டுக்கு இருக்காவ."

அண்ணன் அவளைப் பார்த்துப் பேசவில்லை. என்னிடம், "வாங்குதியா, மாட்டியா?"


டிசம்பர் 11, வியாழன்

வெயில். ஜன்னல் கம்பியில் துண்டு காய்கிறது.

காலையில் நர்ஸ் அந்த மாத்திரையைப் பிரித்துப் பெயர் சொன்னாள். அண்ணன் கையில் வாங்கினான். உள்ளங்கையில் வைத்து, அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். வாயில் போட்டான். முகம் சுளித்தது. "இம்புட்டுக் கசப்பா," என்றான் யாரிடமும் இல்லாமல்.

அப்பா நேற்று ராத்திரியே நம்பர் கொடுத்துவிட்டார், எதற்கு என்று கேட்காமல். கெடக்கட்டும் என்று விட்டிருப்பார்.

என் போனில் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். லாரி இரைச்சல், பிறகு நின்றது.

"சேவியர் அண்ணாச்சி, நான் சுயம்பு. முத்தையாபுரம் கடை."

"சொல்லுடே. என்ன, கொரலே சரியில்ல?"

"நான் ஒங்ககிட்ட சொன்னது தப்பு. நான் மாத்திரை திங்கலன்னு சொன்னேன்லா. தின்னுட்டுத்தான் இருந்திருக்கேன். எனக்குத் தெரியாது. காபில போட்டுக் குடுத்திருக்காவ. வீட்ட மாத்துனதுல ஒண்ணும் ஆவல. அந்தப் புள்ளைக்கு மாத்திரைய நிறுத்திராதீங்க."

எதிர்க்கட்டில் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அட்டெண்டர். அண்ணன் குரலைத் தாழ்த்தவே இல்லை.

அந்தப் பக்கம் லாரிக் கதவு சாத்தும் சத்தம். பிறகு, "ஒரு நிமிசம்டே, வீட்டுல பேசுதா." வண்டி வீட்டு வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். அவர் மனைவியின் குரல், தணிவாக.

"நாங்க நிறுத்தலப்பா. நீ சங்கடப்படாத. ஒங்க அம்மதான் சொல்லிக் குடுத்தா, அப்பவே. பனங்கருப்பட்டி நல்லாக் கறுப்பாப் பாத்துப் போடு, கசப்புத் தெரியாதுன்னா. அப்படித்தான் குடுக்கேன். மவளுக்குத் தெரியாது. நல்லாத்தான் இருக்கா. லேசா இருமுதா, அம்புட்டுத்தான்."

அண்ணன் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள், ஒரு கையைக் கட்டில் கம்பியில் ஊன்றி.

"அந்தப் புள்ளகிட்ட போனக் குடுங்க," என்றான்.

"எதுக்குப்பா?"

"குடுங்க. நான் பேசணும்."

அம்மா போனைப் பிடுங்க வந்தாள். நான் நடுவில் நின்றுகொண்டேன்.